காற்று போகிற இடம்

பந்தியில் எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள். இலையில் வெங்காயப் பச்சடி வைத்தாயிற்று. பிரியாணித் தட்டுகளோடு ஆட்கள் முதல் வரிசைக்கு வந்துவிட்டார்கள். ஸ்பீக்கரில் பாட்டு அலறிக்கொண்டிருந்தது. அப்போது என் பக்கத்து இலையிலிருந்து அக்கா எழுந்து நின்றார்.

"இன்னாக்கா?"

"எங்கியோ போவுது" என்றார்.

என்ன போகிறது என்று எனக்குப் புரியவில்லை. அவர் பந்தி நடுவே நடந்து, தட்டி மறைப்பைத் தள்ளிக்கொண்டு சமையல் பக்கம் போனார். அங்கே பாயாசம் சூடு பண்ணுவதற்காக ஒருவன் தீப்பெட்டியைக் கையில் எடுத்திருந்தான். அக்கா தீப்பெட்டியைப் பிடுங்கிக்கொண்டார். நான்கு சிலிண்டர்களில் மூன்றாவதன் தலையில் கை வைத்தார். வாஷர் வெடித்து கேஸ் சீறிக்கொண்டிருந்தது. அந்த ஸ்பீக்கர் சத்தத்தில், பிரியாணி வாசனையில், முப்பதடிக்கு அப்பாலிருந்து அவருக்கு மட்டும் அது கேட்டிருக்கிறது.

கல்யாணப் பெண்ணின் அப்பாவுக்கு நன்றி சொல்லத் தோன்றவில்லை. "நல்ல நேரத்துல பந்திய நிறுத்திட்டியேமா" என்று சலித்துக்கொண்டார். அக்கா அதைக் காதில் வாங்கவே இல்லை. மற்ற மூன்று சிலிண்டர்களின் தலையிலும் குனிந்து கேட்டுவிட்டுத்தான் இலைக்குத் திரும்பினார்.

எங்கள் தெருவில் எனக்கு ஆறு வீடு தள்ளி இருந்தார். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். மறைமலைநகரில் ஒரு கம்பெனியில் வேலை. விடிந்தும் விடியாமலும் கம்பெனி பஸ் வரும். நீலக் கோட்டை மடித்துக் கையில் போட்டுக்கொண்டு, ஈரத்தலையோடு ஓடி ஏறுவார். காரின் பிரேக்குக்கு எண்ணெய் போகும் இரும்புப் பாகங்கள் அங்கே தயாராகின்றன. அவற்றை ஒவ்வொன்றாக வாயடைத்து, உள்ளே காற்றேற்றி, தண்ணீர்த் தொட்டியில் முக்கிப் பார்ப்பது அவர் வேலை. குமிழி வந்தால் சிவப்புப் பெட்டி, வராவிட்டால் பச்சைப் பெட்டி. பதினோரு வருடமாக இதையே செய்துகொண்டிருந்தார். தொட்டியைப் பார்க்குமுன்பே காதுக்குத் தெரிந்துவிடும் என்பார்.

அந்தக் காதை அவரால் கம்பெனியிலேயே கழற்றி வைத்துவிட்டு வர முடியவில்லை. திருக்கழுக்குன்றம் சாலையில் முன்பின் தெரியாதவர் வண்டியை நிறுத்தி, "அண்ணாத்த, பின் டயரப் பாருங்க, வூடு போய்ச் சேராது" என்பார். ஒரு வீட்டுக் குக்கரில் விசில் வருவதற்கு முன்னால் வரும் சீறலைக் கேட்டு, "கேஸ்கெட்ட மாத்தும்மா" என்று வாசலிலிருந்தே சொல்லிவிட்டுப் போவார். குழந்தை பிறந்தநாளுக்குப் போனால் பலூன்களை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்ப்பார். அவர் கணவர் மாமல்லபுரத்தில் ஒரு சிற்பக்கூடத்தில் கல்லுக்கு மெருகு போடுகிறவர், சாதுவான மனிதர். "இவகிட்ட ஒரு பெருமூச்சுகூட வுட முடியாதுபா. இன்னா, எங்க போவுதுனு கேப்பா" என்று சிரிப்பார்.

எனக்கு அவர்மேல் அப்போது பெரிய பிரியமெல்லாம் கிடையாது. கொஞ்சம் பயம், கொஞ்சம் எரிச்சல். பிறகு எங்கள் கோவில் பெட்டி விஷயத்தில் நேரடியாகவே பகை வந்தது.

எங்கள் ஊர் மாதா கோவில் ஏரிக்கரைக்குக் கீழே இருக்கிறது. பிரான்சிலிருந்து வந்த சாமியார்கள் கட்டியது. அவர்களில் ஒருவர் ஊர் திரும்பாமலேயே இறந்து, பீடத்துக்குப் பக்கத்திலேயே அடக்கமாகியிருக்கிறார். அவர்தான் கப்பலில் அந்த ஆர்கனை வரவழைத்தாராம். கோவிலின் பின்மாடியில் சுவரை அடைத்துக்கொண்டு நிற்கும். கீழே அலமாரி மாதிரி மரப்பெட்டி, அதன்மேல் ஆளுயரக் குழல்களிலிருந்து சுண்டுவிரல் உயரக் குழல்கள்வரை வரிசை வரிசையாக இருக்கும். கைக்கு ஒரு வரிசைக் கட்டைகள், காலுக்குத் தனியாகப் பெரிய கட்டைகள். பின்னால் இருக்கும் பெரிய துருத்தியை ஒருவர் அடித்துக்கொண்டே இருந்தால், காற்று குழல்களில் ஏறிப் பாடும். ஊரில் அதற்கு மாடிப்பெட்டி என்று பெயர். நான் பிறந்தபோதே அது பாட்டை நிறுத்தியிருந்தது. புறாக்கள் குடியிருந்தன.

துருத்தி அடிப்பவருக்குப் பெட்டியின் பின்னால் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு ஒரு பொந்து உண்டு. அந்தக் காலத்தில் அடிக்கப் போனவர்கள் எல்லோரும் எங்கள் தெரு ஆட்கள்தான். கோவிலுக்கு உள்ளே இருக்கும் மாடிப்படியில் அவர்கள் ஏறக் கூடாது. வெளிச் சுவரில் ஒரு மர ஏணி சார்த்தியிருக்கும். அதில் ஏறி, ஜன்னல் மாதிரியான ஒரு சின்னக் கதவு வழியாக நேரே பொந்துக்குள் இறங்க வேண்டும். பாட்டு முடிந்ததும் அதே வழியில் இறங்கிவிட வேண்டும். இப்போது ஏணி இல்லை. அது சாய்ந்திருந்த இடத்தில் சுண்ணாம்பு தேய்ந்த இரண்டு பள்ளங்கள் மட்டும் தெரியும்.

நான் திருக்கழுக்குன்றத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கோவிலில் கீபோர்டு வாசிப்பேன். கீபோர்டு பழசு, இரண்டு கட்டைகள் அமுங்கினால் எழாது. அந்த வருடத் திருவிழாவுக்கு ஆயர் வருவதாக இருந்தார். பங்குப் பேரவை கூடி, மாடிப்பெட்டியை அகற்றிவிட்டு அங்கே கேமராவும் சவுண்ட் சிஸ்டமும் வைக்கக் கண்ணாடி அறை கட்டுவது என்று பேசியது. அதோடு எனக்கு ஒரு புதுக் கீபோர்டு. சென்னையிலிருந்து பழைய சாமான் வாங்குகிற ஒருவர் வந்து குழல்களைத் தட்டிப் பார்த்துவிட்டும் போயிருந்தார். கீபோர்டு கனவில் எனக்கு இரண்டு வாரம் தூக்கமில்லை.

மாடியைச் சுத்தம் செய்யப் பங்குத்தந்தை ஆட்களைக் கூப்பிட்டபோது அக்காவும் துடைப்பத்தோடு வந்தார். வேலை நாள் அது. ஏன் கம்பெனிக்குப் போகவில்லை என்று யாரும் கேட்கவில்லை. புறா எச்சத்தைக் கூட்டிக்கொண்டே பொந்துப் பக்கம் போனவர், அங்கே நீட்டிக்கொண்டிருந்த துருத்திக் கட்டையைப் பிடித்து ஒரு இழு இழுத்தார். பெட்டிக்குள் எங்கிருந்தோ நீளமாக ஒரு மூச்சு வந்தது. கூட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தோம்.

அக்கா துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டுப் பெட்டியில் காதை வைத்தார். திரும்ப இழுத்தார். திரும்பக் கேட்டார்.

"ஃபாதர்" என்றார். "இது சாவல. ஆஸ்துமாக்காரன் மாதிரி கீது. ஒடம்பெல்லாம் ஓட்ட. ஓட்டைய அடச்சா பேசும்."

ஃபாதர் தெற்கத்திக்காரர், இளையவர். "ரிப்பேர் பண்ண ஆளே இல்லம்மா. எங்கெங்கயோ விசாரிச்சுப் பாத்தாச்சு" என்றார்.

"ரிப்பேர் எனக்குத் தெரியாது. எங்க காத்து போவுதுனு தெரியும்."

"திருவிழாவுக்கு அஞ்சு வாரந்தான் இருக்கு."

"எனக்கு இப்ப லீவுதான் ஃபாதர்."

ஃபாதர் என்னைப் பார்த்தார். "நீங்க கூட இருங்க. கட்டைய அமுக்கிப் பாக்க ஆள் வேணும்ல" என்றார். மறுக்க முடியவில்லை. கடையைத் தம்பி மனைவியிடம் விட்டுவிட்டு மத்தியானங்களில் மாடிக்கு வந்தேன். உள்ளுக்குள் இது நடக்காது என்ற நம்பிக்கை எனக்கு இருந்தது. அந்த நம்பிக்கையில்தான் வந்தேன்.

அக்கா வேலை செய்த விதம் இப்போதும் கண்ணில் நிற்கிறது. மின்விசிறியை நிறுத்தச் சொல்வார். ஜன்னல்களை அடைக்கச் சொல்வார். மாமல்லபுரத்துப் பக்கமிருந்து மத்தியானம் கடல்காற்று கிளம்பிவிடும், அது உள்ளே வரக் கூடாது. கணவர் வேலையில்லாத நாளில் வந்து துருத்தி அடிப்பார், மற்ற நாளில் பாடகர் குழுப் பெண்கள் யாராவது அடிப்பார்கள். அக்கா ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி, பெட்டியின் ஒவ்வொரு இணைப்போடும் மெதுவாக நகர்த்திக்கொண்டு போவார். புகை நேராக ஏறிக்கொண்டே வரும். ஓர் இடத்தில் சட்டென்று ஒருபக்கம் சாயும். அங்கே சாக்பீஸால் ஒரு வட்டம். புகையில் தெரியாத இடத்துக்குக் குழந்தைப் பவுடர். தையல் மேல் தூவிவிட்டுக் காத்திருப்பார். பவுடர் கோடு போட்ட மாதிரி விலகும். அங்கே ஒரு வட்டம். ஒரு வாரத்தில் பெட்டி முழுக்க அம்மை போட்ட மாதிரி வெள்ளை வெள்ளையாக வட்டங்கள்.

துருத்தியின் மடிப்புகளில் இருந்த தோலை எலி கடித்திருந்தது. எலி விட்டதை உப்புக்காற்று தின்றிருந்தது. புதுத் தோல் வேண்டும், அதுவும் காகிதம்போல் மெல்லிசாக. எங்கள் தெருவிலேயே பறைக்குத் தோல் கட்டுகிற ஒருவர் இருந்தார், அக்காவுக்குச் சித்தப்பா முறை. ஆட்டுத்தோலை வாங்கி, ஊறவைத்து, உளியால் சுரண்டிச் சுரண்டிக் கொடுத்தார். ஆசாரிகள் காய்ச்சும் வஜ்ஜிரப் பசையைக் கோவில் வாசலிலேயே அடுப்பு வைத்துக் காய்ச்சினோம். அந்த நாற்றத்தில் ஒரு வாரம் ஜெபமாலைக்குக்கூட ஆள் வரவில்லை.

ஊர்ப் பெரியவர் ஒருவர் வந்து எட்டிப் பார்த்தார். பறைக்காரர் கொடுத்த தோல் என்று யாரோ போட்டுக்கொடுத்திருக்கிறார்கள்.

"இன்னாமா, அந்தத் தோலப் போயி கோயிலுக்குள்ள…" என்று இழுத்தார்.

அக்கா துருத்திக்குள்ளிருந்து தலையை வெளியே நீட்டினார். முகமெல்லாம் தூசி. பழைய தோல் துண்டு ஒன்றை எடுத்து நீட்டினார்.

"இது இத்தினி நாளா உள்ள இருந்ததுங்கோ. இதுவும் ஆட்டுத் தோலுதான். வெள்ளக்கார ஆடு, அவ்ளோதான்."

பெரியவர் துண்டைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தார். அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் படியிறங்கினார். அக்கா திரும்பவும் உள்ளே தலையை விட்டுக்கொண்டார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவர் பக்கம் சாய்ந்தேன் என்று நினைக்கிறேன்.

மூன்றாவது வாரம், தோல் துண்டுக்குப் பசை தடவிக்கொண்டிருந்தபோது கேட்டேன். "அக்கா, உங்களுக்கு எத்தினி நாளுதான் லீவு?"

"லீவு இன்னா லீவு. வூட்ல உக்காரச் சொல்லிக்கீறாங்கோ. விசாரணையாம்."

"எதுக்கு?"

"ஒரு லோடு முழுக்க நிறுத்திட்டேன். பத்துல ஒண்ணு ஊசிமுனையாட்டம் குமிழி வுட்டுகினே கீது. சூப்பர்வைசரு, அது தண்ணியில கீற காத்தும்மா, பச்சையில போடுன்னாரு. தண்ணியில கீற காத்துனா ஒட்டிகினு இருந்துட்டு மேல வந்து நின்னுடும் சார், இது நிக்கலியேன்னேன். வண்டி வாசல்ல நிக்குது, போடுன்னாரு. போடமாட்டேன்ட்டேன்."

"போட்டுட வேண்டிதானக்கா. அவரே சொல்றாரு. யாருக்குத் தெரியப் போவுது?"

அக்கா பசைக் குச்சியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். கோபமில்லை. நான் ஏன் இப்படிக் கேட்கிறேன் என்று நிஜமாகவே புரியாத பார்வை.

"அந்தக் கார்ல எவனாவது பொண்டாட்டி புள்ளைங்களோட மாமல்லபுரம் போவான். ஈசியார் ரோட்ல நூறுல போவான். குறுக்க மாடு வரும். பிரேக்க மிதிப்பான். எனக்குத் தெரியுமே தம்பி."

நான் பசைக் குச்சியை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். வேலை போனால் செங்கல்பட்டில் நர்ஸிங் படிக்கிற மகளின் படிப்பு என்னவாகும் என்பது தெருவுக்கே தெரியும். அதை அவர் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. தோலை வெட்டுவார், ஒட்டுவார், ஊதுபத்தி பிடிப்பார்.

நான்காவது வாரம் ஒரு நாள், "இப்ப அமுக்கு" என்றார். காலால் பெரிய கட்டையை மிதித்தேன். முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு தரைப் பலகை என் பாதத்தின் கீழே நடுங்கியது. அந்த நடுக்கம் முழங்கால் வழியாக ஏறி நெஞ்சுக்கு வந்தபிறகுதான் அது ஒரு சுரம் என்றே தெரிந்தது. கீழே மெழுகுவர்த்தி சுரண்டிக்கொண்டிருந்த உபதேசியார் கோவிலுக்கு வெளியே ஓடிப்போய் வானத்தைப் பார்த்தார். நான் காலை எடுக்க மறந்து உட்கார்ந்திருந்தேன். என் கனவில் இருந்த கீபோர்டு அன்றைக்கே போய்விட்டது.

அக்கா கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "அடியில இன்னும் சீறுது" என்றார்.

திருவிழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது பேரவை மாடியிலேயே கூடியது. தலைவர் கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எதையும் இரண்டு தடவை கேட்டு, எழுதி வைத்துக்கொள்கிற மனிதர். கண்ணாடி அறை யோசனையே அவருடையது. ஃபாதருக்குப் பெட்டியை வைத்துக்கொள்ள ஆசை. ஆனாலும் ஆயர் முன்னால் மானம் போய்விடக் கூடாது என்று பயம். முந்தின நாளே அக்காவைத் தனியாகக் கூப்பிட்டு, "தலைவர் கேட்டா எல்லாம் சரியாயிடுச்சுன்னு ஒரு வார்த்த சொல்லிடுங்கம்மா. மத்தத நான் பாத்துக்கறேன்" என்று சொல்லியிருந்தார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். அக்கா தலையாட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை.

நான் ஒரு ஞானப்பாட்டு வாசித்துக் காட்டினேன். நான்கைந்து பேர் கைதட்டினார்கள். தலைவர் கைதட்டவில்லை.

"சரி. இப்ப இதுல லீக் எதுவும் இல்லல்ல? ஆயர் பூசை நடுவுல நின்னு போச்சுன்னா ஊரே சிரிக்கும். இல்லன்னு சொல்லுங்க, வெச்சுக்கலாம். சந்தேகம்னா இந்த வாரமே எடுத்துடலாம்."

எல்லோரும் அக்காவைப் பார்த்தோம். ஃபாதர் கண்ணாலேயே கெஞ்சினார். ஒரே ஒரு வார்த்தை. நான்கு வார உழைப்பு அந்த வார்த்தையில் தொங்கியது.

"கீதுங்க" என்றார் அக்கா. "மூணு எடத்துல இன்னும் போவுது. எங்கனு தெரியும். உள்ள கை போவல. அதுக்கு ஏத்தாப்ல கொஞ்சம் வேகமா அடிச்சா பூசை முழுக்க நிக்கும். ஆனா லீக் கீது."

ஃபாதர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. எதற்கு இந்த மனுஷிக்கு இப்படி ஒரு வாய் என்று இருந்தது. யாரோ பின்னாலிருந்து, "அப்ப எடுத்துடலாம்ல?" என்றார்கள்.

தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எந்த மூணு எடம்?" என்று கேட்டார். அக்கா காட்டினார். அவர் முட்டி போட்டு, வேட்டி அழுக்காவதைப் பார்க்காமல் குனிந்து, ஒவ்வொன்றையும் பார்த்தார். எழுந்து கையைத் தட்டிக்கொண்டார்.

"ஒண்ணுமே இல்லன்னு சொல்லியிருந்தா நான் நம்பியிருக்கமாட்டேன்" என்றார். "முப்பது வருஷம் நானும் இதே வேலதான் பாத்தேன். லீக்கே இல்லன்னு சொல்றவனத்தான் மொதல்ல வெளிய அனுப்புவோம். பெட்டி இருக்கட்டும்."

ஆயர் பூசையன்று பொந்துக்குள் அக்காவே நின்று அடித்தார். உள்ளே இருக்கிற மாடிப்படி வழியாக, பாடகர் குழுவுக்கு முன்னால், நீலக் கோட்டு இல்லாமல் ஒரு மாம்பழக் கலர் பட்டுச் சேலையில் ஏறி வந்தார். வருகைப் பாட்டுக்கு நான் கை வைத்ததும் கீழே ஆயிரம் தலைகளும் ஒன்றாகத் திரும்பின. ஆயரே நடந்துகொண்டிருந்தவர் நின்று மேலே பார்த்தார்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது, எழுந்தேற்றம்வரை. ஆயர் அப்பத்தைத் தூக்கிப் பிடிக்கிறார். மணி அடித்து நின்றது. எல்லோரும் முழந்தாளில் இருக்கிறார்கள். அந்த அமைதியில், என் கை மடியில் இருக்கும்போதே, பெட்டியிலிருந்து ஒரு சுரம் தானாகப் பாட ஆரம்பித்தது. கீச்சென்று, மெல்லிசாக, விடாமல். உள்ளே ஏதோ ஒரு மூடி சரியாக உட்காரவில்லை. நான் கட்டையைத் தட்டினேன். நிற்கவில்லை. அக்கா துருத்தி அடிப்பதை நிறுத்திவிட்டார். அப்படியும் நிற்கவில்லை. ஐந்து வாரம் உட்கார்ந்து அவர் ஓட்டை அடைத்ததில் காற்று உள்ளே பத்திரமாக இருந்தது. அது தீர்கிறவரை பாடிக்கொண்டேதான் இருக்கும். கீழே தலைவரின் கழுத்து மெல்லத் திரும்புவது எனக்குத் தெரிந்தது.

அக்கா பொந்திலிருந்து வெளியே வந்தார். செருப்பில்லாத கால், சத்தமில்லை. பெஞ்சில் ஏறி நின்று, அத்தனை குழல்களுக்கு நடுவே, தேடாமல், தயங்காமல், கையை நேராக விட்டு ஒரு குழலைப் பிடித்து மேலே உருவினார். சத்தம் நின்றது. இரண்டாவது மணி அடித்தது. ஆயர் கிண்ணத்தைத் தூக்கினார். அக்கா அந்த இடத்திலேயே முழந்தாளிட்டு, சாண் நீளக் குழலைத் தூங்குகிற பிள்ளையைப் பிடித்த மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு தலைகுனிந்தார். பூசை முடியும்வரை அவர் அதைக் கீழே வைக்கவில்லை. முந்தானையில் செருகிக்கொண்டு மீதி நேரமும் துருத்தி அடித்தார்.

பிறகு ஆயர் அவரைக் கூப்பிட்டனுப்பினார். தலையில் கை வைத்து ஆசீர்வதித்து, "உனக்கு என்னம்மா வேணும், கேளு" என்றார். ஏதாவது ஜெபம் கேட்பார் என்று நினைத்திருப்பார்.

"மாடிக்கு மேல ரெண்டு ஓடு வெடிச்சிக்கீது சாமி. ஐப்பசி மழைக்கு முன்னால மாத்தச் சொல்லுங்க" என்றார் அக்கா.

ஓடு மாற்றினார்கள். கம்பெனியிலும் அவரைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். அந்த லோடில் கோளாறு இருந்தது உண்மைதான் என்று ஆகிவிட்டது. ஆனால் தொட்டிப் பக்கம் விடவில்லை. காற்றழுத்த இயந்திரம் ஓடுகிற கொட்டகையில், நாள் முழுக்க அதன் பக்கத்திலேயே நின்று பெட்டி கட்டுகிற வேலை கொடுத்தார்கள். "பேஜாரு சத்தம் தம்பி, வூட்டுக்கு வந்தும் காதுல ஓடிகினே கீது" என்று ஒருநாள் சொன்னார். வேறு புகார் சொல்லிக் கேட்டதில்லை. நான்கு வருடம் அங்கே நின்றார். மகள் வேலைக்குப் போனதும் வேலையை விட்டுவிட்டு, கணவரும் அவரும் கூடுவாஞ்சேரிக்கு மகள் வீட்டோடு போய்விட்டார்கள்.

போன வருடம், கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு, இரண்டாம் பூசை முடிந்து கூட்டம் கலைந்தபின் இருவரும் மாடிக்கு வந்தார்கள். அக்காவுக்குத் தலை நரைத்திருந்தது. பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். தடவினார். பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து, "வாசி" என்றார். இப்போது துருத்திக்கு மோட்டார் வைத்திருக்கிறோம். போட்டுவிட்டு வாசித்தேன்.

மழைக்காலத்திலிருந்து இடதுபக்கக் காற்றுக்குழாய் மூட்டில் ஒரு சீறல் இருந்தது. எனக்கே கேட்கிற சீறல். அடைக்க வேண்டும், அடைக்க வேண்டும் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். இன்றைக்கு மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தபடிதான் வாசித்தேன். முடித்துவிட்டுத் திரும்பினால், அக்கா கண்ணைத் திறந்து சிரித்தார்.

"சுத்தமா கீதுபா. எங்கியும் போவல."

அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதே இல்லை. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் இரண்டு பேருக்கும் மூன்றடி தூரத்தில் அது சீறிக்கொண்டிருந்தது.

அவருக்குப் பின்னால் நின்ற கணவர் என்னைப் பார்த்து மெல்லத் தலையாட்டினார். ஒரு விரலால் தன் காதைத் தொட்டுக் காட்டி, வேண்டாம் என்று கையசைத்தார். எனக்குப் புரிந்துவிட்டது. பேசினால் கேட்கிறது. இந்த மாதிரி மெல்லிய சத்தமெல்லாம் போய்விட்டது. ஆமாக்கா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சந்தோஷமாக இறங்கிப் போவார்.

வாயைத் திறந்தேன். சொல்ல வரவில்லை. வேறு யாரிடம் வேண்டுமானாலும் சொல்லியிருப்பேன்.

"போவுதுக்கா" என்றேன்.

கணவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அக்காவின் சிரிப்பு அப்படியே நின்றது. என்னையே பார்த்தார். விளையாடுகிறேனா என்று தேடுகிற மாதிரி.

"நெசமாவா?"

"நெசமாதாங்க்கா."

"உனக்குக் கேக்குதா?"

"கேக்குது."

அவர் என்னிடமிருந்து திரும்பினார். மடியில் கையைக் கோத்துக்கொண்டு குழல்களைப் பார்த்தபடி இருந்தார். நான் செய்தது சரியா, தப்பா என்று எனக்கே தெரியவில்லை. பிறகு அவர் பைக்குள்ளிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்தார். குடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றி, வலது கன்னத்தில் தடவிக்கொண்டார்.

"எந்தப் பக்கம்னு சொல்லாத" என்றார்.

பெஞ்சிலிருந்து இறங்கி, தரையில் கையூன்றி, ஈரக் கன்னத்தைப் பெட்டியோடு ஒட்டினாற்போல் வைத்துக்கொண்டு விளிம்பு விளிம்பாக நகர்ந்தார். வலது மூலை. அடிப்பலகை. நடுத்தூண். கணவர் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். இடதுபக்கம் வந்தார். குழாய் மூட்டுக்கு நேராக வந்ததும் நின்றார். ஒரு விரல் அளவு பின்னால் போய், திரும்ப முன்னால் வந்தார். கண்கள் மூடிக்கொண்டன.

"இங்கதான்" என்றார்.

"ஆமாக்கா. அங்கதான்."

"நல்லா சில்லுனு அடிக்குதுபா." சிரித்தார். "நீ வாசி. நிறுத்தாத."

அவர் கன்னத்தை அங்கிருந்து எடுக்கவில்லை. நான் வாசித்தேன்.